ஐந்து நாள், ஒரே தீவு

பிள்ளையோ பெண்ணோ பிரிட்டனில் வேலை பார்க்கிற குடும்பங்கள் நம் சங்கத்தில் இப்போது நிறைய. பார்க்கப் போகும் பெற்றோர் லண்டனையும் எடின்பரோ கோட்டையையும் பார்த்து முடித்தவுடன், "ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கும் ஒரு நடை போய் வரலாமே" என்ற பேச்சு எழும். எந்தத் தீவு என்பதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் ஒரு வாரம் ஓடியது. அடுத்துப் போகிறவர்களுக்கு உதவுமே என்று அதை இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம். எடின்பரோவில் இருக்கும் மகனுக்கு ஐந்து நாள் விடுமுறை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, ஸ்கை, மல், லூயிஸ் மூன்றையும் முடித்துவிடலாம்" என்றான். எனக்கும் ஆசைதான். வயது 69 ஆகிறது, மறுபடி வருவோமா என்பது நிச்சயமில்லை. வந்த இடத்தில் எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பரபரப்பு.

என் மனைவிதான் குறுக்கிட்டாள். "ஏங்க, கும்பகோணத்தில் வேன் எடுத்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலும் பார்த்தோமே, எந்தக் கோயிலில் என்ன பார்த்தோம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றாள். திருநள்ளாற்றில் செருப்பு தொலைந்தது ஒன்றுதான் எனக்கு நினைவுக்கு வந்தது!

இரவுகளை எண்ணுங்கள்

ஸ்காட்லாந்தைச் சுற்றி 790க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவற்றில் 93 தீவுகளில் மக்கள் வசித்தார்கள். கப்பல் பயணம் ஒரு மணி நேரம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. துறைமுகத்துக்குப் போவது, முன்னதாகவே வரிசையில் காத்திருப்பது, இறங்கித் தங்குமிடம் சேர்வது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். ஐந்து நாளில் மூன்று தீவு என்றால் பார்ப்பது பெரும்பாலும் துறைமுகங்களைத்தான். ஆகவே ஒரு தீவுக்கு இரண்டு இரவாவது ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் அந்தத் தீவை விட்டுவிடுங்கள்.

அடுத்த கேள்வி, எதற்காகப் போகிறோம் என்பது. நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் ஆரன் தீவு. கிளாஸ்கோவுக்குத் தெற்கே அயர்ஷயர் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கப்பல் பயணம். 874 மீட்டர் உயரமுள்ள கோட் ஃபெல் மலை, பழைய கோட்டை, கல்வட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில். ஸ்காட்லாந்தின் சிறு பதிப்பு என்று அதைச் சொல்வார்கள்.

கார் ஓட்ட ஆளில்லை என்றால் மல் தீவு. கிளாஸ்கோவிலிருந்து ஓபன் வரை மூன்று மணி நேர ரயில். நிலையத்தை ஒட்டியே கப்பல் துறை. மல் தீவின் மறு கோடியிலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் அயோனா. கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து வந்த புனித கொலம்பா மடம் நிறுவிய சின்னஞ்சிறு தீவு அது. பக்கத்தில் ஸ்டாஃபா தீவு. 1829இல் அங்கே வந்த மெண்டெல்சன் இசை அமைத்தாரே, அந்த ஃபிங்கல் குகை இருப்பது இங்குதான். எழுதுகோல்களை அடுக்கி வைத்தாற்போல் அறுகோணப் பாறைத் தூண்கள். மும்பை அந்தேரியில் கில்பர்ட் குன்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறை புதிதாக இராது. ஆனால் அலை அதிகமிருந்தால் படகு கரை ஒட்டாது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்லவும்.

மலைக் காட்சிதான் வேண்டும் என்றால் ஸ்கை. 1995இல் பாலம் திறந்தபின் கப்பலே ஏறாமல் காரில் போய்விடலாம். அதனாலேயே கோடையில் கூட்டமும் அதிகம், தங்க அறை கிடைப்பதும் கடினம். பழமை மேல் பிடிப்பு உள்ளவர்களுக்கு ஆர்க்னி. 1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளிப்பட்ட ஸ்காரா பிரே, 5,000 ஆண்டுக்கு முந்திய கற்காலக் குடியிருப்பு. ஷெட்லாந்துக்கு அபர்டீனிலிருந்து ஓர் இரவு முழுக்கக் கப்பல் பயணம் என்பதால், ஐந்து நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது.

நாங்கள் தேர்ந்தது

நான் லூயிஸ் என்றேன். காரணம் காலின் மெக்கன்சி. அந்தத் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்து, அங்கேயே சுங்கத்துறையில் வேலை பார்த்து, 1783இல் சென்னை வந்து இறங்கியவர். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். காவலி சகோதரர்கள் முதலிய நம் நாட்டு அறிஞர்களைக் கொண்டு அவர் திரட்டிய தமிழ், தெலுங்குச் சுவடிகளும் ஊர் வரலாறுகளும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் சொந்த ஊர் திரும்பவே இல்லை. 1821இல் காலமாகி, நம் கொல்கத்தாவின் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். பிழைக்க வந்த ஊரிலேயே நாற்பது வருடம் ஓட்டிவிட்ட எனக்கு, அவர் புறப்பட்ட துறையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

லூயிஸில் இன்னொரு வசதி. லூயிஸ், ஹாரிஸ் என்று இரண்டு பெயர் சொன்னாலும் நிலம் ஒன்றுதான். மறுபடி கப்பல் ஏற வேண்டாம்.

உல்லாபூலில் காரோடு கப்பலேறி இரண்டரை மணி நேரத்தில் ஸ்டோர்னோவே. மூன்று இரவு தங்கினோம். இரவு பத்து மணிக்கும் மறையாத வெளிச்சத்தில் 5,000 ஆண்டுப் பழமையான கல்லனிஷ் நெடுங்கற்களிடையே நடந்தோம். ஊர் அருங்காட்சியகத்தில், 1831இல் இத்தீவில் கண்டெடுத்த சதுரங்கக் காய்களில் ஆறு இருக்கின்றன. வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. நம் நாட்டில் பிறந்த ஆட்டம் அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று மகன் வியந்தான்.

என் மனைவி ஆரணி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். ஹாரிஸில் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து தறிச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். தீவுக்காரர் தம் வீட்டிலேயே கைத்தறியில் நெய்தால்தான் ஹாரிஸ் ட்வீட் என்று பெயர் வைக்கலாம் என்று 1993இல் சட்டமே இருக்கிறது. காலால் மிதித்து நெய்துகொண்டிருந்த பெரியவர் அவளை உள்ளே அழைத்தார். இருவருக்கும் பொதுமொழி அதிகமில்லை. ஆனாலும் இழை அறுந்தால் எப்படி முடிவது என்று கையாலேயே அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள். மூன்று தீவு என்று ஓடியிருந்தால் அந்த அரை மணி ஏது?

காற்று வைத்த சோதனை

நான்காம் நாள் திரும்ப வேண்டும். அன்று பலத்த காற்று, கப்பல் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஐந்தாம் நாளைச் சும்மா வைத்திருக்கிறோமே என்று முதலில் முணுமுணுத்த மகன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. மறுநாள் கப்பல் கிடைத்தது, அவன் வேலைக்கும் பங்கமில்லை. ஆகவே கடைசி நாளைத் தீவுக்குக் கொடுக்காதீர்கள். விமான நாளுக்கு முந்தின நாள் தீவில் இருக்கவே கூடாது.

இன்னும் சில குறிப்புகள். கோடையில் காருக்கான கப்பல் இடத்தை மாதக் கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். நம் நாட்டு ஓட்டுநர் உரிமம் அங்கே பன்னிரண்டு மாதம் செல்லும். ஒற்றை வழிச் சாலைகளில், எதிரே வண்டி வந்தால் அதற்கென விட்ட இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். லூயிஸில் ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்தால் புளிக்காய்ச்சலும் அரிசியும் காப்பாற்றும். மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிக் கடிக்கு மருந்து அவசியம்.

கொல்கத்தா திரும்பியதும் இருவருமாகப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஆயிரம் முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன், உள்ளே நுழைந்தது அன்றுதான். "உங்க ஊரைப் பார்த்துட்டு வந்தோம்" என்று என் மனைவி மெல்லச் சொன்னாள். ஸ்கையையும் மல்லையும் நாங்கள் பார்க்கவில்லை. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை.