பொரளைச் சந்தி

ஊர் என்றால் கோயிலையோ குளத்தையோ சுற்றி அமைவது என்று எண்ணிப் பழகியவர் நாம். கொழும்பின் கிழக்கேயுள்ள பொரளை ஒரு நாற்சந்தியைச் சுற்றி எழுந்த ஊர். கொழும்புத் துறைப் பக்கமிருந்து மருதானை வழியாகக் கோட்டேக்குச் செல்லும் பாதையும், களனியாற்றுப் பக்கமிருந்து தெற்கே நாரஹேன்பிட்டியை நோக்கிச் செல்லும் பாதையும் இங்கேதான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒல்லாந்தர் காலத்திலே பட்டணத்துக்கு வெளியே கறுவாத் தோட்டங்கள் பரந்து கிடந்த புறநிலத்தைச் சார்ந்த இடம் அது.

பட்டணத்தார் தம் கண்ணெதிரே வைத்திருக்க விரும்பாதவற்றையே முதலில் இப்பக்கம் அனுப்பினர். 1841இல் வெலிக்கடைச் சிறைச்சாலை எழுந்தது. 1866இல் கனத்தை மயானம் அமைந்தது. ஊரின் சந்தடி பெருக உதவியது டிராம் வண்டி. 1899இல் கொழும்பில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்களின் இரு பாதைகளுள் ஒன்று பொரளையிலே முடிந்தது. வண்டி நின்று திரும்புமிடத்தில் கடை முளைப்பது இயல்பு. 1960இல் டிராம் மறைந்தது, கடைகள் மறையவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்க லிகிதனாக வந்த நான், அச்சந்திக்கு அருகே ஓர் அறையில் குடியிருந்தேன். சிறுவர் வைத்தியசாலைக்கும் மயானத்துக்கும் வழி கேட்போர் நாடோறும் எதிர்ப்படுவர். அவர்கள் கேட்ட மொழியிலேயே விடை சொல்லிப் பழகினேன். என் சிங்களத்தில் யாழ்ப்பாணம் ஒலிக்கும். எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

1982இல் நாடாளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. பழைய இராசதானிக்குச் சென்ற வழி, நானூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆட்சிபீடத்துக்குச் செல்லும் வழியாயிற்று.

மறுவருடம், ஜூலை 23ஆம் திகதி இரவு, திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்களை அடக்கம் செய்வதற்கென 24ஆம் திகதி மாலை கனத்தையில் கூடிய கூட்டம் வன்முறையில் இறங்கியது. அன்றிரவே பொரளையில் தமிழர் கடைகள் எரிந்தன. பொழுது விடிந்ததும் தீ நகரெங்கும் பரவிற்று. 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். யார் யாரென்று கேளாமல் எல்லாரையும் கடந்துபோக விட்ட சந்தியிலே, பெயரும் பேச்சும் உயிரை நிறுக்கும் படிக்கற்களாயின.

நான் தப்பி ஊர் சேர்ந்து, சில மாதங்களின் பின் வேலைக்குத் திரும்பினேன். ஒரு காலை அதே சந்தியில், காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளிற் சாய்த்திருந்த சிங்களக் கிழவி ஒருத்தி, சிறுவர் வைத்தியசாலைக்கு வழி கேட்டாள். எனக்கு வழி தெரியும், சொல்லும் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். என்னை ஊமையென்று எண்ணினாளோ என்னவோ, “புண்ணியம் கிடைக்கும், மகனே” என்று இரக்கத்தோடு சொல்லிப் போனாள்.

அந்தப் புண்ணியத்துக்கு நான் உரியவன் அல்லன். எவரை அஞ்சினேனோ, அவரிடையே இப்படியும் ஒருத்தி இருந்தாள்; அவளுக்கு என் குரலைக்கூட நான் கொடுக்கவில்லை. இன்றும் பொரளையைக் கடக்கும்போதெல்லாம் சந்தியிலே சற்று நின்று பார்க்கிறேன், எவரேனும் வழி கேட்கமாட்டாரா என்று.