சிறு குழுவின் பாட்டுத் தட்டுக்கு எந்த உறை?

தோட்டத்து உறுமி மேளக் குழுவும் கோயில் பஜனைக் குழுவும் தங்கள் பாடல்களைத் தாங்களே பதிந்து, குறுந்தட்டாக வெளியிடுவது இன்று எட்டாத காரியம் அன்று. ஒலிப்பதிவுச் செலவை நாம் பலமுறை கணக்குப் பார்க்கிறோம். உறை என்று வரும்போது மட்டும், கடையில் விற்கும் சினிமாத் தட்டைப் போலவே நம்முடையதும் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்து விடுகிறது. தலைக்கு ஐம்பது வெள்ளி போட்டுச் சேர்த்த பணம், விலைபோகாத பெட்டிகளாக யாரேனும் ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்குவது இதனால்தான். ஆகவே நேயர்களே, உறையைப் பற்றிச் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

உறையின் முதல் வேலை தட்டைக் காப்பது. தட்டின் பளபளப்பான அடிப்பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர்; அதில் ஏறக்குறைய முழுவதும் தெளிந்த பிளாஸ்டிக்தான். பாட்டு பதிந்த மெல்லிய படலம் மேற்பக்கத்தில், பெயர் அச்சிடும் பூச்சுக்குச் சற்றே கீழே இருக்கிறது. அடிப்பக்கத்தில் விழும் சிறு கீறலைக் கருவி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மேற்பக்கத்தில் ஆழமான கீறல் விழுந்தால் பாட்டே போய்விடும். பந்துமுனைப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுவது கூடாது என்பதும் இதனால்தான். நீர் மை கொண்ட மெதுமுனைப் பேனாவே ஏற்றது. ஆக, நல்ல உறை என்பது இரு பக்கத்தையும் உரசாமல் வைத்திருக்கும் உறை. அதற்குக் கண்ணாடி போன்ற பெட்டிதான் வேண்டும் என்பதில்லை.

குறுந்தட்டு விற்பனைக்கு வந்த 1982-ஆம் ஆண்டு முதலே நாம் கண்டுவரும் அந்தப் பெட்டி, 142 மில்லிமீட்டர் நீளமும் 125 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உடையது. நூறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மீட்டர் உயரம் வந்துவிடும். கையிலிருந்து ஒரு முறை விழுந்தால் மூடியின் காது உடையும், அல்லது தட்டைப் பிடிக்கும் நடுப்பற்கள் உதிரும். அதற்கு ஒரு நன்மை உண்டு: ஓரத்தில் பெயர் அச்சிடலாம், கடை அலமாரியில் நிற்க வைத்தாலும் தெரியும். ஆனால் நம் தட்டு எங்கே விலைபோகிறது? தீமிதித் திருவிழாவிலும் கல்யாண மண்டப வாசலிலும் கைக்குக் கை மாறுகிறது. அலமாரிக்கென்று செய்யப்பட்ட பெட்டிக்கு அங்கே என்ன வேலை? பாதிக் கனமுள்ள மெல்லிய பெட்டி இடத்தைச் சேமிக்கும். உடைவதில் அதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். 300 தட்டு. ஓர் உறைக்கு ஒரு வெள்ளி ஐம்பது காசு கூடுதலாகக் கொடுத்தால், 450 வெள்ளி. தட்டைப் பத்து வெள்ளிக்கு விற்றால், அந்தக் கூடுதலை ஈடுகட்டவே 45 தட்டுகள் விற்றாக வேண்டும். பாட்டு கேட்கும் குடும்பம் பெட்டிக்காக ஒரு காசும் கூடுதலாகத் தரப்போவதில்லை.

நம் கைக்கு அடக்கமானது அட்டை உறைதான். ஏ4 அளவுள்ள ஒரே அட்டையில் ஓர் உறை செய்துவிடலாம். தட்டின் குறுக்களவு 120 மில்லிமீட்டர். உறையின் பக்கம் 125 இருந்தால் போதும். அட்டையின் நீளவாக்கில் 125 வீதம் இரண்டு சதுரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தின் இரு பக்கத்திலும் 15 மில்லிமீட்டர் காது விடுங்கள். மீதியுள்ள நுனி, மூடும் நாக்கு ஆகிவிடும். மடிக்கும் கோட்டைக் கரண்டிக் காம்பால் முதலில் அழுத்தி விட்டால் மடிப்பு வெடிக்காது. காதுகளை உள்பக்கம் மடித்து ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகே தட்டை வைக்க வேண்டும். ஈரப் பசை தட்டில் ஒட்டினால் அந்தத் தட்டு போயிற்று. ஒரு மாதிரி உறையை முதலில் செய்து, தட்டை இருபது முறை போட்டு எடுத்துப் பாருங்கள். இறுகினாலும் நழுவினாலும் அப்போதே தெரிந்துவிடும்.

அச்சுச் செலவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய அச்சு இயந்திரத்தில் தகடு செய்யும் செலவு 100 பிரதிக்கும் 3,000 பிரதிக்கும் ஒன்றுதான். குறைந்த எண்ணிக்கைக்கு அது கட்டுபடியாகாது. பழுப்பு அட்டையும் ஒரு ரப்பர் சாப்பும் போதும். இது ஏழை வேலை என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ‘தி ஹூ’ குழு 1970-இல் வெளியிட்ட ‘லைவ் அட் லீட்ஸ்’ இசைத்தட்டின் உறை, வெறும் பழுப்பு அட்டையில் சாப்பு குத்தியதுபோலத்தான் இருந்தது. அதற்கும் முன்னர், 78 சுற்று இசைத்தட்டுகள் நடுவில் வட்டத் துளையிட்ட காகித உறையில் வந்தன. துளை வழியே தட்டின் பெயரைப் படித்துக்கொள்ளலாம்.

அந்தத் துளையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பெயர் தட்டின் மேலேயே இருந்தது. 1963-இல் அறிமுகமான ஒலிநாடாவோ, பெயர்களைப் பெட்டிக்குள் செருகிய சிறு தாளில் வைத்தது. தாள் தொலைந்தது, இன்று பல வீடுகளில் பழைய நாடாக்கள் இருக்கின்றன, ஒப்பாரியும் தாலாட்டும் இருக்கின்றன, பாடிய அம்மா யாரென்று சொல்ல ஆள் இல்லை. உறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரவாயில்லை. பாடியவர், உறுமி அடித்தவர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகிய நான்கும் உறையிலும் வேண்டும், தட்டின் மேலும் வேண்டும். தட்டில் காகிதச் சீட்டு ஒட்டாமல், நேரடியாக அச்சிடச் சொல்லுங்கள். சீட்டு புழுக்கத்தில் உரிந்து கருவிக்குள் சிக்கிக்கொள்ளும்.

மலிவு என்று மெத்தென்ற பி.வி.சி. பைகளை வாங்குவதும் தவறு. நம் வெப்பத்தில் அவை தட்டோடு ஒட்டிக்கொண்டு மையை உரித்தெடுக்கும். உள்ளுறை வேண்டுமானால் மொடமொடப்பான பாலிப்ரொப்பிலீன் பை கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கணினியில் பதிந்த தட்டுகளுக்கு வெயில் இன்னும் பகை; அவற்றில் பாட்டு ஒரு சாயப் படலத்தில் இருப்பதால் காரின் முன் தட்டில் போட்டு வைக்கலாகாது.

இன்று பல வீடுகளில் தட்டுப் போடும் கருவியே இல்லை. ஆகவே உறையின் பின்புறம் கைப்பேசியில் காட்டிப் பாட்டைக் கேட்கும் கியூ.ஆர். கட்டத்தையும் அச்சிடலாம். 300 உறைக்கும் அச்சிடுமுன் ஒன்றை அச்சிட்டு, பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதியுங்கள். பழுப்பு அட்டையில் வெளிறிய மையால் அடித்தால் கைப்பேசிக்குத் தெரியாது.

மலேசிய நேயர்களுக்கு இன்னும் இரண்டு. தட்டை விற்பனைக்கு வைக்குமுன், அதில் ஒட்ட வேண்டிய முத்திரைச் சீட்டு பற்றிய விதியை உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுக்கு உறையில் இடம் விட வேண்டியிருக்கும். இந்நாட்டில் வெளியாகும் நூல்களைப் போலவே ஒலிப்பதிவுகளின் படிகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதற்கான தட்டுகளை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலேயே தனியே எடுத்து வையுங்கள்.