நிறம் படும் பாடு – 9: கப்பிலேயே முடிவாகிவிடும் ஓவியம்

இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை போகிற சாலையில் சித்தன்னவாசலுக்கு ஒரு பாதை பிரியும். சென்ற வாரம் அந்தப் பாதையில் போய், அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளத்தையும் மீன்களையும் பூப் பறிக்கும் ஆட்களையும் பார்த்தோம். இந்த வாரம் தூரிகையே தொடாத ஓர் ஓவிய முறை. அக்ரிலிக் பெயின்ட்டைக் கப்பில் கலக்கி, கேன்வாஸ் மேல் ஊற்றி, சாய்த்து ஓடவிடுகிறார்கள். ‘போரிங்’ என்று கைபேசிக் காணொளிகளில் பிள்ளைகள் பார்த்து வியப்பது இதைத்தான். ஊற்றுவது ஒரு நிமிட வேலை. படம் நன்றாக வருமா, வெடிக்குமா, சேறாகுமா என்பதெல்லாம் அதற்கு முன்பே, கலக்கும்போதே முடிவாகிவிடும்.

சித்தன்னவாசல் ஓவியரும் முதலில் கலவையைத்தான் யோசித்திருக்கிறார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் இந்த ஓவியங்களை ஆராய்ந்தார். பாறை மேல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் சாந்து, அதன் மேல் அரை மில்லிமீட்டர் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேல் நிறம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்கும் ஒரு வகை மண். எல்லாம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கக்கூடியவை. மஞ்சள்தூளில் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும், மஞ்சள் சிவந்துவிடும். அப்படி மாறிப்போகும் சரக்கு அந்தச் சுவருக்கு ஆகாது. நிறத்தைப் பிடித்துவைக்கப் போவது எது, அதோடு எந்த நிறம் ஒத்துப்போகும் என்று பார்த்துத்தான் கலக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த விதி மாறவில்லை.

அக்ரிலிக்கில் நிறத்தைப் பிடித்துவைப்பது பிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒரே ஏடாகிவிடும். தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தும் அக்ரிலிக் ஓவியர்களுக்குக் கிடைத்தது 1950-களின் நடுவில்தான். இந்த வேலையில் முதலில் செய்யும் தவறும் இங்கேதான் நடக்கிறது. ட்யூபில் இருக்கும் பெயின்ட் ஓடாது என்பதால் தண்ணீரை ஊற்றி இளக்குகிறார்கள். தண்ணீர் கூடக்கூட பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகிப்போகும். காய்ந்த பிறகு ஏடு பலமாக இருக்காது. தேய்த்தால் நிறம் பொடியாகக் கையில் வரும். ஆகவே ஓடவைக்கவும் வேண்டும், பிளாஸ்டிக்கும் குறையக் கூடாது. அதற்காகச் சேர்ப்பதுதான் போரிங் மீடியம்.

இலுப்பூர் மாதிரி ஊரில் கடைத்தெருவில் போய்ப் போரிங் மீடியம் கேட்டால் கிடைப்பது அரிது. ஃபெவிகால் எந்தக் கடையிலும் இருக்கும். அந்த வெள்ளைப் பசையும் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக்தான். அக்ரிலிக்கோடு சண்டை போடாது. இரண்டு பங்கு ஃபெவிகால், ஒரு பங்கு தண்ணீர். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீர் நல்லது. இந்தக் கலவையை முதலில் தனியாகத் தயார் செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பங்கு ட்யூப் பெயின்ட்டுக்கு இரண்டு பங்கு கலவை. ஒரே மூச்சில் ஊற்றினால் கட்டி தட்டும். கப்பில் பெயின்ட்டைப் போட்டு, கலவையில் ஒரு கரண்டி மட்டும் விட்டு, குச்சியால் நன்றாக மசித்த பிறகே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அடித்துக் கலக்கக் கூடாது, குமிழி ஏறும். கலந்ததை மூடிவைத்து அரை மணி நேரம் விட்டால் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். கட்டி இருந்தால் பழைய டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம். அதை மறுபடி டீக்குப் பயன்படுத்தாதீர்கள்.

எவ்வளவு கலக்குவது? ஒரு அடிக்கு ஒரு அடி கேன்வாஸில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 185 மில்லி பிடிக்கும். ஓரங்களில் வழிவதற்கும் சேர்த்து 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிறம் என்றால் கப்புக்கு 50 மில்லி. பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கினால் முதல் கலவையின் இளக்கம் அமையாது.

இளக்கம்தான் இதில் உயிர்நாடி. குச்சியைத் தூக்கினால் பெயின்ட் அறுபடாமல் தேன் மாதிரி இறங்க வேண்டும். விழுந்த இடத்தில் சின்ன மேடு எழும்பி, ஓரிரு நொடியில் அடங்க வேண்டும். மேடு அப்படியே நின்றால் கெட்டி. எழும்பவே இல்லை என்றால் நீர்த்துவிட்டது. எல்லாக் கப்பும் ஒரே இளக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று கெட்டியாகவும் இன்னொன்று நீர்த்தும் இருந்தால், நீர்த்தது ஓடிப்போய்விடும். கெட்டியானது நின்ற இடத்திலேயே திட்டாகிவிடும். ஒரே கம்பெனியின் பெயின்ட்டிலும் நிறத்துக்கு நிறம் கெட்டித்தன்மை வேறுபடும். அளவை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கப்பையும் குச்சியால் சோதிக்க வேண்டும்.

இளக்கம் ஒன்றானாலும் எடை ஒன்றாகாது. வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல் கனமானது. நீலப் பெயின்ட்டில் இருக்கும் தாலோ நீலம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். நீலத்தின் மேல் வெள்ளையை ஊற்றினால் கனமான வெள்ளை கீழே இறங்கப் பார்க்கும். நீலம் அதைப் பிளந்துகொண்டு மேலே வரும். காணொளிகளில் கண்ணைப் பறிக்கும் வட்டங்களும் வலைப்பின்னல்களும் பெரிதும் இந்தத் தள்ளுமுள்ளில் பிறப்பவை.

இதை முதலில் ஓவியமாக்கியவர்களில் முக்கியமானவர் மெக்சிகோவின் சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ். 1936-இல் நியூயார்க்கில் அவர் நடத்திய பட்டறையில் கார்களுக்கு அடிக்கும் பெயின்ட்டை ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றிப் பார்த்தார். விளைந்ததை ‘தற்செயல் ஓவியம்’ என்றார். அந்தப் பட்டறையில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ஜாக்சன் பொல்லாக். மெக்சிகோவின் ஆய்வாளர்கள் சாண்ட்ரா ஸெட்டினா, ராபர்டோ ஸெனிட் குழுவினர் இதைச் சோதனைக்கூடத்தில் செய்துபார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். கனமான திரவம் லேசான திரவத்தின் மேல் உட்காரும்போது ஏற்படும் நிலைகுலைவே காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். இயற்பியலில் இதற்கு ராலே–டெய்லர் நிலைகுலைவு என்று பெயர். சிகெய்ரோஸ் தற்செயல் என்றாலும், எது மேலே எது கீழே என்ற வரிசை ஊற்றுகிறவர் கையில்தான் இருக்கிறது.

வட்டங்கள் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்று சிலிக்கோன் எண்ணெய் விடுவார்கள். ஒரு கப்புக்கு இரண்டு துளி போதும், அதுவும் எல்லா நிறத்திலும் வேண்டாம். அந்த எண்ணெய் காய்ந்த படத்தின் மேலேயே தங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து எடுக்காமல் வார்னிஷ் அடித்தால் வார்னிஷ் ஒட்டாமல் கண் கண்ணாக விலகும்.

நிறத்தேர்வில் ஒரே எச்சரிக்கை. சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் அடுத்தடுத்து ஓடினால் கலந்து சேற்று நிறமாகிவிடும். அந்த ஜோடி வேண்டும் என்றால் நடுவில் வெள்ளை விடுங்கள். மூன்று அல்லது நான்கு நிறம் போதும். கேன்வாஸைச் சாய்ப்பதிலும் ஆசை கூடாது. ஒவ்வொரு சாய்ப்பிலும் நிறங்கள் இன்னும் கொஞ்சம் குழம்பும்.

அடுத்தது வெயில். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்தால் மேல்புறம் சீக்கிரம் ஏடு கட்டிவிடும்; அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் பிறகு வற்றிச் சுருங்கும்போது மேல் ஏடு இழுபட்டு வெடிக்கும். ஆகவே நிழலான அறை, மின்விசிறி ஓடக் கூடாது, தூசி விழாமல் மேலே இடைவெளி விட்டு ஓர் அட்டைப் பெட்டி. கேன்வாஸ் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இரவோடு இரவாகப் படம் முழுவதும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். தொட்டுப்பார்க்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். உள்வரை இறுக வாரக்கணக்கில் ஆகும். மீந்த பெயின்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அது பிளாஸ்டிக். கப்பிலேயே காயவைத்து உரித்துக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். ஃபெவிகால் கலவை கற்றுக்கொள்வதற்கு மட்டும். அது ஈரம் பட்டால் இளகும், நாள்பட மஞ்சளிக்கும். உங்கள் படத்தைக் காசு கொடுத்து ஒருவர் வாங்குகிறார் என்றால், ஓவியர்களுக்கென்று விற்கும் அக்ரிலிக் மீடியத்தை வாங்கிக் கலக்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வாங்குகிறவர் நிறத்துக்கு மட்டும் காசு தருவதில்லை, அது நிற்கும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் தருகிறார்.

(அடுத்த வாரம்: நார்த்தாமலை)