ஓடும் நாயின் இதயம்

ஓட்டத்தால் வளரும் தசை

நாள்தோறும் ஓடி உழைக்கும் நாயின் இதயம், வாசலில் படுத்தே கிடக்கும் நாயின் இதயத்தைவிடப் பெரிதாகிறது. ஓடும்போது தசைகளிலிருந்து மிகுதியான இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் இதயத்தின் கீழறைகள் விரிகின்றன. அந்த விரிவுக்கேற்பச் சுவர்களும் தடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் வெளியேறுவதால், ஓய்வில் இதயம் மெதுவாகத் துடித்தாலே போதும். முழுவேக ஓட்டத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 300 வரை ஏறலாம். அப்போது மண்ணீரலும் சுருங்கி, தேக்கி வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்க்கிறது.

அலாஸ்காவின் பனிவண்டி இழுக்கும் நாய்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எக்கோ கருவியால் அளந்தபோது இம்மாற்றம் தெரியவந்தது. கிரேஹவுண்ட் இனத்துக்கோ பிறவியிலேயே பெரிய இதயம்: மற்ற நாய்களுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு என்றால், இதற்கு 1.2 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பயிற்சியால் வந்த வளர்ச்சி ஓட்டம் நின்றால் குறையும். பிறவியில் வந்தது குறையாது.

தோட்டத்து நாயும் கொசுவும்

பேராக்கில் சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரங்களின் பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன. காவல் காத்தும் காட்டுப்பன்றியை விரட்டியும் வளர்ந்த நாய்கள் அங்கே இன்னும் உண்டு. அத்தகைய நாயின் எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால், ஓடுகிற நாய்தானே என்று விட்டுவிடத் தோன்றும். அப்படி விடுவது ஆபத்து. கொசுக்கடியால் பரவும் இதயப்புழுவும் இதயத்தைப் பெரிதாக்கும். இரவெல்லாம் வெளியில் திரியும் நாய்க்குத்தான் அந்தக் கடி அதிகம். உடலில் புகுந்த குஞ்சுப்புழு ஆறேழு மாதங்களில் முதிர்ந்து நுரையீரல் தமனிகளில் தங்குகிறது. பெண்புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிர்வாழும்.

பிரித்தறிவது எப்படி

பயிற்சி பெற்ற இதயம் பெரும்பாலும் இரு பக்கமும் சீராக வளரும். அதில் இலேசான முணுமுணுப்பொலி கேட்டாலும் அது நோயாக இல்லாமலிருக்கலாம். இதயப்புழுவால் வலப்பக்கமே முதலில் வீங்கும். இருமல், வழக்கமான தூரத்தைக்கூட ஓட முடியாத களைப்பு, மயக்கம், வயிற்றில் நீர் ஆகியவை பயிற்சியால் வருபவை அல்ல. இரத்தச் சோதனை புழுவைக் காட்டும். ஆனால் தொற்றிய முதல் ஆறு மாதங்களில் அதிலும் தப்பிவிடலாம்.

புழு உள்ள நாயை ஓடவிடக் கூடாது. மடிந்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் நாளங்களை அடைக்கும். உழைப்பு அந்தச் சேதத்தைப் பெருக்கும். எனவே சிகிச்சைக் காலம் முழுவதும் கட்டாய ஓய்வு தேவை. சோதனைக்குப் பின் மருத்துவர் தரும் மாதாந்திரத் தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுப்பதே மலிவான வழி.

வெயிலில் பயிற்சி

நாய் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது; ஈப்போவின் ஈரக்காற்றில் அது எளிதில் நடப்பதில்லை. அதனால் பால்வெட்டுக்குக் கிளம்பும் விடியற்காலையே ஓட்டத்துக்கும் ஏற்றது. தூரத்தை வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கடும் ஓட்டம் ஆகாது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.