தலைக்கா... தாளிக்கவா?

என் ரூம்மேட் நாகர்கோவில்காரன். ஊருக்குப் போய்த் திரும்பினால் ஹாஸ்டலே அவன் பைக்குக் காத்துக் கிடக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்ச ரெண்டாவது நிமிஷம் காலி! ஆனா, அதே பையில் வரும் மீன் வறுவலைத் திறந்தா மட்டும், 'என்னடா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் அடிக்குது?' என்று மதுரை, திருச்சி கோஷ்டி மூக்கைப் பொத்தும். 'டேய், நீங்க இப்ப மொக்கின சிப்ஸும் அதே தேங்கா எண்ணெயில் பொரிச்சதுதான்டா' என்று அவன் சொன்ன அன்றைக்கு பயலுக முகத்தைப் பார்க்கணுமே!

தலைக்கா, சமையலுக்கா? இது ஹாஸ்டல் வம்பு மட்டுமில்லீங்க... சுப்ரீம் கோர்ட் வரை போன கேஸ். சின்ன பாட்டில்ல அடைச்சு வித்தா அது கூந்தல் எண்ணெய்தான் என்றது வரித்துறை. 2018-ல் விசாரிச்ச ரெண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு கொடுத்தாங்க. கடைசியில் 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், பாட்டில் சின்னதா இருக்குங்கிறதுக்காக சமையல் எண்ணெய் கூந்தல் எண்ணெய் ஆயிடாதுன்னு முடிச்சு வெச்சது. அப்போ சமையல் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், கூந்தல் எண்ணெய்க்கு 18. (2025 செப்டம்பரில் ரெண்டுக்கும் 5-னு ஆக்கிட்டாங்க. இதுக்கா இத்தனை வருஷம்... சரி, விடுங்க.)

கோர்ட் ஓகே சொல்லிடுச்சு. ஹார்ட் ஓகே சொல்லுமா?

இந்தக் கேள்வியைக் கிளப்பியது ரூம்மேட்டோட அப்பா. 'வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் தேங்கா எண்ணெய் குடிச்சா கொலஸ்ட்ரால் ஓடியே போயிடும்'னு மொபைலுக்கு வந்த ஒரு மெசேஜை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஓரங்கட்டிட்டார். வீட்ல யாருக்கும் மூச்சு விடலை. பிரிக்காத மாத்திரை அட்டைகள் பீரோவுல கிடைச்சப்பதான் விஷயம் வெளியே வந்துச்சு. அவன் அன்னிக்கு ராத்திரி தூங்கலை. நாங்களும்தான். முதல் வருஷ கெமிஸ்ட்ரி நோட்டைத் தூசு தட்டினோம்.

மார்கழியில் தேங்கா எண்ணெய் உறைஞ்சு, பாட்டிலை வெயிலில் வெச்சிருப்பீங்களே... அதுலதான் மேட்டரே இருக்கு. அதோட கொழுப்பில் 80-லிருந்து 90 சதவிகிதம் நிறைவுற்ற கொழுப்பு. அந்த மூலக்கூறுகள் நேரான குச்சி மாதிரி. புது பென்சில் கட்டு போல நெருக்கமா அடுக்கிக்கும். அதனால சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கெட்டி. கடலை எண்ணெயில் இந்தக் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் 15 சதவிகிதம்போல, சூரியகாந்தியில் 10-ஐ ஒட்டி. மீதி எல்லாம் வளைஞ்ச குச்சிகள். அடுக்க முடியாது, அதனால உறையாது. பாமாயில் நடுவில், பாதிக்குப் பாதி.

உறையறதால ரத்தக்குழாயிலும் உறையும்னு பயந்துடாதீங்க, உடம்பு 37 டிகிரி! சிக்கல் வேற இடத்துல. 2020-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. பாமாயில் போன்ற வெப்பமண்டல எண்ணெய் அல்லாத மற்ற தாவர எண்ணெய்களைவிட, தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை சுமார் 10 புள்ளி கூடுதலா ஏத்துது. நல்ல கொலஸ்ட்ராலும் 4 புள்ளி ஏறுதுங்கிறது உண்மை. ஆனா, அதை வெச்சு இதைக் கழிச்சுக்க முடியாது என்கிறார்கள் டாக்டர்கள்.

'அப்போ எங்க ஊர்ல எல்லாரும்?' என்று ரூம்மேட் எகிறினான். நியாயமான கேள்வி. 2016-ல் கொச்சியில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 200 இதய நோயாளிகள், ரெண்டு வருஷம், பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி. பெருசா வித்தியாசமே இல்லை! அவன் துள்ளிக் குதிச்சான். அடுத்த வரியைக் காட்டினோம்: அவங்க எல்லாரும் டாக்டர் பார்வையில் முறையா சிகிச்சையில் இருந்தவங்க. அப்பா செஞ்சது நேர் எதிர். கப்சிப்.

ஆனா ஒரு விஷயத்தில் தேங்காய் எண்ணெய்தான் ஹீரோ. அந்த நேரான குச்சிகள் சூட்டில் ஆக்ஸிஜனோட சீக்கிரம் சேராது. சூரியகாந்தி எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சீக்கிரம் கெட்டு, சட்டி ஓரத்தில் பிசுபிசுன்னு பிசின் மாதிரி ஒட்டும். பஜ்ஜிக் கடைச் சட்டியில் பார்த்திருப்பீங்க. எண்ணெயில் அப்படி உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினா அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018-லிருந்து நாடு முழுக்க விதி. ஹீரோவுக்கும் ஒரு வீக்னெஸ் உண்டு... செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிச்சிடும். புகை கிளம்பினா அடுப்பைக் குறைங்க.

'டயட்' பார்ட்டிகளுக்கு ஒரு தகவல்: எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 120. இதில் தேங்காய்க்கும் தள்ளுபடி இல்லை, ஆலிவுக்கும் இல்லை.

ரூம்மேட் அப்பா இப்போ மறுபடி மாத்திரை போடறார். டாக்டர்கிட்ட செம டோஸ்! வீட்ல தினசரித் தாளிப்பு கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாறிடுச்சு. அவியல் இறக்கும்போது மேலே விடற ஒரு ஸ்பூன் மட்டும் தேங்காய் எண்ணெய். அதை மாத்தினா அடுப்படிக்கே வர மாட்டேன்னுட்டாங்களாம் அம்மா.

அப்புறம், மாசத்துக்கு ஒரு தடவை மீன் வறுவலுக்கும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வர்றான். மதுரை கோஷ்டி மூக்கைப் பொத்திக்கட்டும்... எங்களுக்கு ரெண்டு துண்டு கூட!