கத்திக்கு முன் ஐந்து வாரம்

கினிகத்தேனையில் மழை விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடைமழை பெய்த ஒரு மாலையில்தான் என் அத்தை ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து உண்பதை முதன்முதலாகக் கவனித்தேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெருமை பேசியவர். சில வாரங்களில் ஊறிய ரொட்டியும் இறங்கவில்லை. கஞ்சி மட்டுமே இறங்கிற்று. "வாயுதான் தம்பி, வேறொன்றுமில்லை" என்றார். இஞ்சியும் பெருங்காயமுமாக மூன்று மாதங்கள் வீணாகக் கழிந்தன.

கண்டியில் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கெடுத்துச் சோதித்தார்கள். உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய். நல்லவேளையாக வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கவில்லை.

ஆனால் டாக்டர் சொன்ன வைத்திய முறைதான் எங்கள் லயத்தில் பெருங்குழப்பத்தை விளைவித்தது. முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சும் மருந்தும். பிறகு சில வாரங்கள் ஓய்வு. அதன் பின்னரே சத்திரசிகிச்சை. "களை முளைத்தால் அன்றே பிடுங்க வேண்டாமா? கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு நாள் கடத்துகிறார்களே!" என்று மாமா கொதித்தார். அவர் கோபத்தில் நியாயமில்லை என்று எவர் சொல்ல முடியும்?

அந்த நியாயத்துக்கு விடை ஒல்லாந்து நாட்டிலிருந்து வந்தது. அங்கே 2004 முதல் 2008 வரை 'குறாஸ்' என்ற ஆய்வில் முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு நேரே சத்திரசிகிச்சையும், மறு பாதியினருக்கு முன்கூட்டியே 23 நாள் கதிர்வீச்சும் வாரம் ஒருமுறை இரு மருந்துகளும் அளித்தார்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று. நேரே அறுத்தவர்களுள் நூற்றுக்கு 69 பேருக்கே கட்டி விளிம்பில் மிச்சமின்றி வந்தது. முன்வைத்தியம் பெற்றவர்களுள் 92 பேருக்கு. நடுநிலை ஆயுள் 24 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்தது. கட்டி சுருங்குகிறது, கண்ணுக்குத் தெரியாமல் அருகே ஒளிந்திருக்கும் அணுக்களும் மடிகின்றன. அத்தைக்கு வந்த, குழாயின் உட்படலத்தில் தோன்றும் செதில் வகைக்கு இதன் பலன் இன்னும் அதிகம். இரைப்பையை ஒட்டி வரும் சுரப்பி வகைக்கோ, கதிர்வீச்சின்றி மருந்தை மட்டும் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கொடுப்பதே மேல் என்று 2024இல் ஜெர்மானியர் காட்டினர்.

இதையெல்லாம் மாமாவிடம் விவரித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இருபத்துமூன்று நாளும் கண்டிக்குப் போய்வந்தால் பேர் யார் போடுவது?" அதற்கு ஒல்லாந்தரிடமும் விடையில்லை. கண்டியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அத்தைக்கு ஒரு பாய் கிடைத்தது.

புறப்படும்போது அத்தை தம் வெற்றிலைப் பையை என்னிடம் தந்தார். ஸ்டீவன், உராகொட என்ற இரு வைத்தியர்கள் வெற்றிலை மெல்லும் பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை இலங்கை நோயாளரிடமே ஆராய்ந்து 1970இல் எழுதியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டாயிற்று; மலையில் எத்தனை பேருக்கு அச்செய்தி எட்டியது? அட்டைக்கடியிலும் குளிரிலும் நிற்பவளுக்குப் பசியை மறக்கடிக்கும் துணை அது, பிடுங்கிக்கொள்வது எளிதன்று.

நான்காம் வாரம் தொண்டை எரிந்தது. ஐந்தாம் வாரம் உடல் துவண்டது. ஆனால் ஓய்வுக் காலத்தில் ஒருநாள், ஊறவைக்காத ரொட்டியின் பாதியை உண்டுவிட்டார்! உடனே வேறொரு சிக்கல் முளைத்தது. "குணமாகிவிட்டதே, இனி அறுப்பது எதற்கு?"

கேலியான கேள்வியன்று. நோயின் சுவடே தென்படாதவர்களை அடிக்கடி சோதித்துக் காத்திருக்கலாம், நோய் தலைகாட்டினால் அறுக்கலாம் என்ற வழியை ஒல்லாந்தரே ஆராய்ந்து, இரண்டாண்டு அளவில் உயிருக்கு நட்டமில்லை என்று 2025இல் வெளியிட்டனர். ஆனால் அத்தையின் மறுசோதனைத் துணுக்கில் புற்றணுக்கள் எஞ்சியிருந்தன. டாக்டர் அதைச் சொன்னபோது அத்தை சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "வேர் இருக்கிறது என்கிறார், அப்படியானால் பிடுங்கட்டும்" என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையில் சேர்கிறார். வெற்றிலைப் பை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதுவரை அவர் கேட்கவில்லை.