நூறு விதைகளும் இருபதாயிரம் ஓவியங்களும்

நுழையுமுன்

நூலில் படித்த கதையைப் பின்னர்த் திரையில் காணும்போது, இரண்டும் ஒன்றுதானா என்னும் வினா எழுவது இயல்பு. நூல் ஒரு வகையில் பேசுகிறது. படம் மற்றொரு வகையில் பேசுகிறது. இரு வகையிலும் உலக மக்களின் உள்ளத்தை நெகிழச் செய்த ஒரு கதையை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

போசரிக்கு அருகே ஒரு பொறியாளர்

புனே நகருக்கு வடக்கே, பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சிப் பகுதியில் அமைந்துள்ளது போசரி. கடைசல் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களும் நிறைந்த ஊர் இது. வேலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கு வாழ்கின்றன. இதற்கு அருகிலேயே, முன்னாளில் டெல்கோ என்று வழங்கிய டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெரிய சரக்குந்து ஆலை உள்ளது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இல் பட்டம் பெற்ற அரவிந்த் குப்தா என்னும் இளைஞர், புனேயில் டெல்கோ நிறுவனத்தில் பொறியாளராகப் பணியில் சேர்ந்தார். 1978-இல் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக்குச் சென்றார். அங்கே ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் இணைந்து, சிற்றூர்ச் சிறுவர்களுக்காகத் தீக்குச்சியையும் மிதிவண்டியின் வால்வு குழாயையும் கொண்டு அறிவியல் பொம்மைகளை உருவாக்கினார். பின்னர்ப் புனேயில் உள்ள அயூகா வானியல் மையத்தின் சிறுவர் அறிவியல் கூடத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உலகின் சிறந்த சிறுவர் நூல்கள் பலவற்றை அவர் இந்தியில் மொழிபெயர்த்து, எவரும் விலையின்றிப் படிக்கும்படி இணையத்தில் வைத்தார். அவற்றுள் ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ எழுதிய 'மரங்களை நட்ட மனிதன்' என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறு நூல்.

கதை கூறும் செய்தி

கதை 1913-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. தென்கிழக்குப் பிரான்சின் மலைப்பகுதியில் இளைஞன் ஒருவன் தனியே நடந்து செல்கிறான். மரமற்ற மேட்டுநிலம், இடிந்த வீடுகள், வறண்ட ஊற்று, ஓயாத காற்று. நீரின்றித் தவித்த அவனுக்கு ஆட்டிடையர் ஒருவர் நீர் தந்து, தம் கல்வீட்டில் தங்கவும் இடமளிக்கிறார். அவர் பெயர் எல்சார் பூஃபியே. வயது 55. மனைவியையும் ஒரே மகனையும் இழந்தவர்.

அன்றிரவு அவர் ஒரு பை நிறைய ஓக் மர விதைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக ஆராய்கிறார். வெடிப்பில்லாத நல்ல விதைகள் நூற்றினைத் தேர்ந்தெடுத்த பின்னரே உறங்கச் செல்கிறார். மறுநாள் இரும்புக் கம்பியால் நிலத்தில் துளையிட்டு, விதையை இட்டு மூடுகிறார். மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சம் விதைகளை ஊன்றியிருக்கிறார். அவற்றுள் முளைத்தவை 20,000. அவற்றிலும் பாதியை எலிகளும் இயற்கையும் அழித்துவிடும் என்று அவரே கணக்கிடுகிறார். எஞ்சுபவை 10,000. முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில் பத்தாயிரம் மரங்கள்!

"இந்த நிலம் உங்களுடையதா?" என்று இளைஞன் கேட்கிறான். இல்லை என்கிறார் இடையர். நிலம் யாருடையது என்பதும் அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

முதல் உலகப் போர் மூள்கிறது. போர்க்களத்தில் ஐந்தாண்டுகளைக் கழித்த இளைஞன், 1920-இல் திரும்பி வருகிறான். 1910-இல் ஊன்றப்பட்ட ஓக் மரங்கள் அவர்கள் இருவரையும்விட உயர்ந்து நிற்கின்றன. நெடுங்காலம் வறண்டிருந்த ஓடைகளில் நீர் ஓடுகிறது. உதிர்ந்த இலைகள் மழைநீரைத் தடுத்து மண்ணுள் இறங்கச் செய்கின்றன; வேர்கள் மண்ணைப் பற்றிக் காக்கின்றன. ஆகவே இந்நிகழ்ச்சி மாயம் அன்று.

அவர் முயற்சியில் தோல்வியும் உண்டு. ஓராண்டு அவர் நட்ட பத்தாயிரம் மேப்பிள் கன்றுகளும் பட்டுப்போயின. அடுத்த ஆண்டு வேறு மரத்தை நட்டார், நடுவதை நிறுத்தவில்லை. 1933-இல் வனக் காவலர் ஒருவர் அங்கு வந்து, காடு தானாகவே வளர்ந்ததாக எண்ணி, அதற்குத் தீங்கு நேராதபடி வெளியே தீ மூட்டக் கூடாது என்று, அக்காட்டை உருவாக்கியவருக்கே எச்சரிக்கை விடுக்கிறார்! 1913-இல் மூவர் மட்டுமே வாழ்ந்த வெர்கோன் என்னும் சிற்றூரில், 1945-இல் 28 பேர் வாழ்கின்றனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அம்முதியவர் அமைதியாகக் கண்மூடுகிறார்.

உண்மையா, கற்பனையா?

1950-களில் வெளிவந்த இக்கதையைப் படித்தோர் பலர், பூஃபியேவை உண்மை மனிதர் என்றே நம்பினர். அவர் கற்பனைப் பாத்திரமே என்பதை 1957-இல் ஜியோனோ ஒரு கடிதத்தில் தெளிவுபடுத்தினார். மரங்களை, குறிப்பாக மரம் நடுவதை, மக்கள் விரும்பும்படி செய்வதே தம் நோக்கம் என்றும் எழுதினார். பல மொழிகளில் வெளியான இக்கதைக்கு அவர் பணம் எதுவும் பெறவில்லை. கதையில் வரும் இடையர் காட்டுக்கு விலை கேட்கவில்லை. கதையை எழுதியவர் கதைக்கு விலை கேட்கவில்லை.

சொல்லிலிருந்து ஓவியத்துக்கு

முதலில் இக்கதை சொற்களால் மட்டுமே அமைந்திருந்தது. 1985-இல் மைக்கேல் மெக்கர்டி என்னும் அமெரிக்கக் கலைஞரின் மரச்செதுக்கு ஓவியங்களுடன் ஒரு பதிப்பு வெளிவந்தது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்ட ஓவியங்கள் அவை. காட்டின் பசுமையை வாசகர் தம் மனத்தில்தான் தீட்டிக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் கனடாவின் மொன்றியல் நகரில் பிரெடெரிக் பாக் என்னும் ஓவியர், இக்கதையை அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படமாக உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒளி ஊடுருவும் சொரசொரப்பான நெகிழித் தாளில் வண்ணப் பென்சிலால் வரைவது அவர் முறை. திரையில் ஒரு நொடிக்கு 24 படச் சட்டகங்கள் ஓடுகின்றன. முப்பது நிமிடப் படத்துக்கு 43,200 சட்டகங்கள் தேவை. ஓர் ஓவியத்தை இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் இருபதாயிரத்துக்கு மேல் வரைய வேண்டும். பாக் தம் படத்துக்காக ஏறத்தாழ அத்தனை ஓவியங்களை உருவாக்கினார். ஓர் உதவியாளரின் துணையுடன் பெரும்பாலானவற்றைத் தாமே வரைந்தார். அப்பணி ஏறக்குறைய ஐந்தாண்டுகள் நீடித்தது. ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்த நிலையிலும் அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. நாள்தோறும் நூறு விதைகளை எண்ணி எடுத்த இடையரின் பொறுமைக்கும் இந்த ஓவியரின் பொறுமைக்கும் வேற்றுமை சிறிதே.

1987-இல் வெளிவந்த படம், மறு ஆண்டு சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பின்னர்ப் பாக்கின் ஓவியங்களுடன் கதை மீண்டும் நூலாகவும் வெளியாயிற்று. கதை படமாகி, படம் நூலாகிய அரிய நிகழ்வு இது. பாக் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைத் தாமே நட்டார்.

நூலும் படமும்

காற்று வன்மையாக வீசியது என்று நூல் ஒரு தொடரில் கூறுகிறது. படத்தில் ஓவியக் கோடுகளே காற்றாகச் சுழல்கின்றன. பாழ்நிலம் மங்கிய பழுப்பு நிறத்தில் தோன்றுகிறது. மரங்கள் வளர வளர வண்ணங்களும் வளர்கின்றன. ஒரு காட்சி கரைந்து மற்றொன்றாக மாறுவதால், முப்பது ஆண்டுகள் கண்முன் கடந்து செல்வதை உணரலாம். சொற்களைச் சேர்க்காமலேயே படம் இவ்வளவையும் செய்துவிடுகிறது.

ஆயினும் நூலுக்கென்று ஓர் ஆற்றல் உண்டு. படம் தன் வேகத்தில் நகர்கிறது. நூல் வாசகருக்காகக் காத்திருக்கிறது. மகனையும் மனைவியையும் இழந்தவர் என்னும் தொடரில் வாசகர் விரும்பும்வரை நிற்கலாம், திரும்பவும் படிக்கலாம், அவர் ஏன் மரம் நடத் தொடங்கினார் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆகவே படம் பார்த்தவர் நூலையும் படிப்பது நலம். நூல் படித்தவர் படத்தையும் காண்பது நலம்.

யாருடைய நிலம்?

இக்கதை தமிழருக்கு அயலானது அன்று. நற்றிணையின் 172-ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதை ஒன்று முளைத்துப் புன்னையாகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கப்பட்ட அம்மரத்தை, உடன்பிறந்தவளாகவே கருதும்படி தாய் தன் மகளுக்குக் கூறுகிறாள். மரத்தின் முன்னே தலைவனுடன் சிரித்துப் பேசவும் அம்மகள் நாணுகிறாள்.

போசரிப் பகுதிக்கும் இச்செய்தி பொருந்தும். டெல்கோ நிறுவனத்தை வழிநடத்திய சுமந்த் மூல்காவ்கர், அருகிலுள்ள ஆலை வளாகத்தில் ஏராளமான மரங்களை நடச் செய்தார். ஏரி ஒன்றையும் உருவாக்கச் செய்தார். சுமந்த் சரோவர் என அவர் பெயர் தாங்கிய அந்நீர்நிலையைப் பறவைகள் நாடி வருகின்றன.

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் மாணவர் பலர், இது நம் ஊர் அன்று. இங்கு மரம் நட்டு நமக்கென்ன பயன் என்று நினைப்பதுண்டு. நிலம் யாருடையது என்று கேளாமலே விதை ஊன்றிய இடையர் அதற்கு விடை கூறுகிறார். நட்டவர் வேறு ஊருக்குச் செல்லலாம். வேப்பங்கன்று அங்கேயே வளரும். அதன் நிழலில் நிற்பவர் நட்டவரின் பெயரை அறியாமல் இருக்கலாம். வெர்கோனில் குடியேறிய 28 பேரும் அவ்வாறே வாழ்ந்தனர்.

அருஞ்சொற்பொருள்

வார்ப்படச் சாலை – உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் தொழிற்கூடம்
ஊன்றுதல் – நிலத்தில் பதித்தல்
சட்டகம் – திரைப்படச் சுருளின் ஒரு தனிப்படம்
நாணுதல் – வெட்கப்படுதல்

சிந்தித்து விடையளிக்க

1. வனக் காவலரின் எச்சரிக்கை நகைப்பையும் வியப்பையும் ஒருங்கே தருவது ஏன்?
2. இடையரின் பணிக்கும் ஓவியர் பாக்கின் பணிக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.
3. படித்த கதை ஒன்றைப் படமாகவும் கண்டிருப்பின், படத்தில் சேர்ந்தது எது, விடுபட்டது எது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.